ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் அமெரிக்காவில் என்ன நடக்கிறது?

அமெரிக்கப் பள்ளி ஒன்றில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்ததும் நம் ஊரில் எழும் கேள்வி ஒன்றுதான்: "இத்தனை பிள்ளைகள் செத்தும் இவர்கள் ஏன் துப்பாக்கியை ஒழிக்க மாட்டேன் என்கிறார்கள்?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் நான்கு நாள் அழுவார்கள், மெழுகுவத்தி ஏற்றுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள், எதுவும் மாறாது என்ற நினைப்பும் அதோடு சேர்ந்தே வருகிறது. அது சரியல்ல. ஒவ்வொரு பெரிய சம்பவத்துக்குப் பிறகும் அங்கே சட்டங்கள் மாறத்தான் செய்கின்றன. ஒரு மாநிலத்தில் இறுக்குகிறார்கள், இன்னொரு மாநிலத்தில் தளர்த்துகிறார்கள். சில சமயம் ஒரே மாநிலத்தில், ஒரே சட்டத்தில், இரண்டும் நடக்கின்றன. இது எப்படி என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது.

உரிமையா, சலுகையா?

அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் 1791இல் வந்தது. மொத்தமே ஒரு வாக்கியம். அதன் முற்பாதி, சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு ஒழுங்கான குடிமக்கள் படை அவசியம் என்கிறது. பிற்பாதி, ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்கு உள்ள உரிமையில் கைவைக்கக் கூடாது என்கிறது. இந்த இரண்டு பாதிக்கும் என்ன தொடர்பு? படைக்காகத்தான் உரிமையா, அல்லது படை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உரிமை உண்டா? சண்டையின் ஆணிவேர் இதுதான்.

நெடுங்காலம் முதல் விளக்கம்தான் ஓங்கியிருந்தது. 1939இல் குழல் வெட்டிய ஷாட்கன் தொடர்பான ஒரு வழக்கில், இந்த மாதிரித் துப்பாக்கிக்கும் குடிமக்கள் படைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு, உச்ச நீதிமன்றம் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டது. நிலைமை தலைகீழானது 2008இல். தலைநகர் வாஷிங்டனில் வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்கத் தடை இருந்தது. பணி நேரத்தில் துப்பாக்கியோடு காவல் நிற்கும் ஒருவர், வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ள எனக்கு ஏன் அனுமதியில்லை என்று வழக்குப் போட்டார். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பானது. ஆயுதம் வைத்திருப்பது தனிமனித உரிமை என்று நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா எழுதினார். கொடுங்குற்றவாளிகளுக்கும் மனநோயாளிகளுக்கும் தடை விதிப்பது, பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் துப்பாக்கி கூடாது என்பது போன்ற விதிகளை இந்தத் தீர்ப்பு சந்தேகிக்கவில்லை என்றும் அதே தீர்ப்பில் எழுதினார். இந்த இரண்டாவது பகுதியைத் துப்பாக்கி ஆர்வலர்கள் அவ்வளவாக மேற்கோள் காட்டுவதில்லை.

இந்தியாவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நம்முடைய 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரிடமோ காவல் ஆணையரிடமோ விண்ணப்பித்து, எனக்கு ஏன் துப்பாக்கி தேவை என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். அங்கே, இவருக்கு ஏன் கூடாது என்பதை அரசுதான் நிரூபிக்க வேண்டும். ஆனால் நியூயார்க் மாநிலத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நம் ஊர் பாணியில் ஒரு விதி இருந்தது. வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்லத் தனிப்பட்ட காரணம் காட்ட வேண்டும். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. கூடவே ஒரு புது அளவுகோலையும் வைத்தது: எந்தக் கட்டுப்பாடும் நாட்டின் பழைய சட்ட மரபோடு ஒத்துப்போக வேண்டும். அன்றிலிருந்து வழக்கறிஞர்கள் பதினெட்டாம் நூற்றாண்டுச் சட்டப் புத்தகங்களைத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார்கள். மனைவியையோ காதலியையோ தாக்கி, நீதிமன்றத் தடை உத்தரவு வாங்கியவரிடம் துப்பாக்கி இருக்கலாமா என்பதற்குக்கூட இந்த வழியில்தான் விடை தேட வேண்டியிருந்தது. 2024இல், கூடாது என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

துப்பாக்கி உரிமை பேசும் அமெரிக்கர்கள் காந்தியைக்கூடத் துணைக்கு அழைப்பதுண்டு. ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய சட்டத்தை பிரிட்டிஷ் ஆட்சியின் மிக மோசமான செயலாக வரலாறு பார்க்கும் என்று அவர் எழுதியது உண்மை. ஆனால் அது 1918இல், முதல் உலகப் போருக்கு ஆள் சேர்க்கப் போட்ட துண்டறிக்கை என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

கடையில் என்ன நடக்கிறது

அங்கே கடைக்குப் போனால் காய்கறி மாதிரி துப்பாக்கி வாங்கிவரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. உரிமம் பெற்ற கடையில் அடையாள அட்டையைக் காட்டி 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். இதை உனக்காகத்தான் வாங்குகிறாயா, கொடுங்குற்றத்தில் தண்டனை பெற்றிருக்கிறாயா, தேடப்படும் ஆளா, சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்துகிறாயா என்று வரிசையாகக் கேள்விகள். மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டப்படி கஞ்சா குற்றமே என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. பொய் சொன்னால் குற்றம். அதிபராக இருந்த ஜோ பைடனின் மகன் ஹன்டர் பைடன் 2024இல் குற்றவாளி என்று தீர்ப்பானது இந்தப் போதைப்பொருள் கேள்விக்குப் பொய்ப் பதில் கொடுத்த விவகாரத்தில்தான். பிறகு தந்தை மன்னிப்பு வழங்கிவிட்டார்.

படிவம் நிரம்பியதும் கடைக்காரர் எஃப்பிஐயின் தகவல் தொகுப்பில் பெயரைச் சரிபார்ப்பார். பெரும்பாலும் சில நிமிடங்களில் விடை வந்துவிடும். இதைத்தான் பின்னணிச் சரிபார்ப்பு என்கிறார்கள். 1981இல் அதிபர் ரீகனைச் சுட்டபோது தலையில் குண்டு பாய்ந்து முடமான அவருடைய செய்திச் செயலர் ஜேம்ஸ் பிரேடியின் பெயரில் 1993இல் வந்த சட்டத்தின் விளைவு இது. இதில் இரண்டு ஓட்டைகள். மூன்று வேலை நாட்களுக்குள் விடை வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம். 2015இல் சார்ல்ஸ்டன் நகரின் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் துப்பாக்கி வாங்கியது இப்படித்தான். இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது: மத்தியச் சட்டம் கடைகளை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. தொழிலாக இல்லாமல் ஒரு தனிநபர் தன் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்றால், பல மாநிலங்களில் எந்தச் சரிபார்ப்பும் தேவையில்லை.

சரி, குற்றம் நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைக்கிறது. அதை யார் வாங்கினார்கள் என்று கம்ப்யூட்டரில் தட்டிப் பார்க்க முடியுமா? முடியாது. துப்பாக்கி உரிமையாளர்களின் மத்தியப் பதிவேடு வைக்கக் கூடாது என்று 1986இல் சட்டமே இருக்கிறது. இன்று பட்டியல் எடுத்தால் நாளை பறிமுதல் செய்ய வருவார்கள் என்ற அச்சம்தான் அதன் அடிப்படை. அதனால் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் ஓர் அரசு அலுவலகம் இப்படி வேலை செய்கிறது: முதலில் தயாரிப்பாளரைக் கூப்பிட வேண்டும், அவர் மொத்த வியாபாரியைக் காட்டுவார், அவர் கடைக்காரரைக் காட்டுவார், கடைக்காரர் தன் பேரேட்டைப் புரட்ட வேண்டும். மூடிய கடைகளின் பேரேடுகள் பெட்டி பெட்டியாக அந்த அலுவலகத்துக்கே வந்து சேர்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்யலாம், ஆனால் பெயரைப் போட்டுத் தேடும் வசதி இருக்கக் கூடாது. எனவே ஊழியர்கள் திரையில் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். உலகத்துக்கே தேடுபொறி செய்து கொடுத்த நாடு, இந்த ஒரு விஷயத்தில் தேடவே கூடாது என்று தனக்குத் தானே சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது.

முதல் சில நாட்கள்

பெரிய துப்பாக்கிச் சூடு நடந்தால் எதிர்வினைகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வருகின்றன. அரசியல்வாதிகள் "எங்கள் நினைவுகளும் பிரார்த்தனைகளும் உங்களோடு" என்பார்கள். பிரார்த்தனை போதும், சட்டம் கொண்டு வா என்று மறுதரப்பு கொதிக்கும். பிணங்கள் இன்னும் அடக்கமாகவில்லை, அதற்குள் அரசியலா என்று பதில் வரும். இதற்கிடையில் துப்பாக்கி விற்பனை எகிறும். 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சேண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் 20 பேரும் பெரியவர்கள் 6 பேரும் கொல்லப்பட்டார்கள். அந்த டிசம்பரில் மட்டும் நாடெங்கும் 27 லட்சத்துக்கும் மேற்பட்ட பின்னணிச் சரிபார்ப்புகள் நடந்தன. அதுவரை இருந்ததில் அதுதான் உச்சம். நமக்குக் கிறுக்குத்தனமாகத் தெரியும். வாங்கியவர்களின் கணக்கு வேறு: நாளை தடை வந்தால் கிடைக்காது, இன்றே வாங்கி வை. இன்னொரு கூட்டம், இதைப் பார்த்த பிறகு என் வீட்டை நான்தான் காக்க வேண்டும் என்று வாங்கியது.

சம்பவம் நடந்த ஒரு வாரத்தில் துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் அப்போதைய தலைமை நிர்வாகி வெய்ன் லபியர் மேடையேறி, துப்பாக்கி ஏந்திய கெட்டவனைத் தடுக்கக்கூடிய ஒரே ஆள் துப்பாக்கி ஏந்திய நல்லவன்தான் என்றார். இன்றுவரை அந்தத் தரப்பின் தாரக மந்திரம் இது.

இதைவிடக் கேவலமான எதிர்வினையும் வந்தது. சேண்டி ஹூக்கில் யாரும் சாகவே இல்லை, அழுத பெற்றோர் எல்லாம் நடிகர்கள் என்று அலெக்ஸ் ஜோன்ஸ் என்பவர் தன் நிகழ்ச்சியில் வருடக்கணக்கில் பேசினார். அதை நம்பியவர்கள் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களைத் தேடிவந்து மிரட்டினார்கள். 2022இல் நீதிமன்றங்கள் அவருக்கு விதித்த இழப்பீடு ஏறக்குறைய 150 கோடி டாலர்.

ஒரே சம்பவத்தை இரண்டு தரப்பும் எப்படிப் படிக்கின்றன என்பதற்கு யுவால்டியைவிட நல்ல உதாரணம் இல்லை. 2022 மே 24 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் அந்தச் சிற்றூரில், 18 வயது நிரம்பிய கையோடு சட்டப்படியே ரைஃபிள் வாங்கிய ஓர் இளைஞன், தொடக்கப் பள்ளிக்குள் புகுந்து 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் கொன்றான். பல்வேறு காவல் பிரிவுகளைச் சேர்ந்த 376 பேர் அங்கே வந்து சேர்ந்தார்கள். அவனைச் சுட்டு வீழ்த்த 77 நிமிடம் ஆனது. வெளியே பெற்றோர் உள்ளே போகச் சொல்லிக் கதறினார்கள். கட்டுப்பாடு கேட்பவர்கள் சொன்னது: துப்பாக்கியோடு நின்ற 376 நல்லவர்களாலேயே ஒரு ரைஃபிளை உடனே தடுக்க முடியவில்லை, பிறகு என்ன "நல்லவன்" கதை? உரிமை பேசுபவர்கள் சொன்னது: போலீஸ் வந்து காப்பாற்றும் என்று நம்பினால் இதுதான் கதி, அதனால்தான் என்னிடம் துப்பாக்கி வேண்டும். இரண்டு பேரும் சொல்வது அதே 77 நிமிடத்தை வைத்துத்தான். இன்னும் கூடுதல் தகவல் கொடுத்தால் ஒரு தரப்பு மனம் மாறிவிடும் என்று எதிர்பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

சட்டங்கள் எங்கே மாறுகின்றன

மத்தியில் மாறுவது அபூர்வம். செனட் சபையில் பெரும்பாலான மசோதாக்கள் நகர 100இல் 60 வாக்குகள் வேண்டும். சுமார் நான்கு கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் ஆளுக்கு இரண்டு இடங்கள். துப்பாக்கி அதிகம் புழங்கும் கிராமப்புற மாநிலங்களுக்கு இந்த அமைப்பில் எடை கூடுதல். எல்லா விற்பனைக்கும் பின்னணிச் சரிபார்ப்பு வேண்டும் என்று கருத்துக் கணிப்புகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சொல்கிறார்கள். துப்பாக்கி வைத்திருப்பவர்களிலும் பெரும்பான்மையினர் அதையே சொல்கிறார்கள். ஆனாலும் சேண்டி ஹூக்குக்குப் பிறகு, சரிபார்ப்பை விரிவாக்கும் மசோதா 2013 ஏப்ரலில் 54க்கு 46 என்று பெரும்பான்மை பெற்றும் தோற்றது.

2007இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டபோது ஒரு சிறிய மாற்றம் நடந்தது. இறந்தவர்களில் தமிழ்நாட்டில் பிறந்த ஒரு நீரியல் பேராசிரியரும் உண்டு. சுட்டவனின் மனநிலை ஆபத்தானது என்று நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியிருந்தும், அந்தத் தகவல் எஃப்பிஐயின் தொகுப்புக்குப் போகவில்லை. மாநிலங்கள் இத்தகைய பதிவுகளை அனுப்ப ஊக்கம் தரும் சட்டம் அடுத்த ஆண்டு தொடக்கத்தில் வந்தது. அதைத் துப்பாக்கிச் சங்கமும் எதிர்க்கவில்லை. யுவால்டிக்குப் பிறகு வந்தது அதைவிடப் பெரியது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கூடுதல் சரிபார்ப்பு, மாநிலத் திட்டங்களுக்கு நிதி என்று ஒரு சட்டம் பொதுவாகத் துப்பாக்கி உரிமையின் பக்கம் நிற்கும் குடியரசுக் கட்சியின் 15 செனட்டர்களின் ஆதரவோடு நிறைவேறி 2022 ஜூன் 25 அன்று கையெழுத்தானது. நியூயார்க் விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததாக மேலே சொன்னேனே, அது அதற்கு இரண்டே நாள் முன்பு, ஜூன் 23. இறுக்கமும் தளர்வும் ஒரே வாரத்தில்.

உண்மையான ஆட்டம் மாநிலங்களில் நடக்கிறது. ஃபுளோரிடாவைப் பாருங்கள். 2018 காதலர் தினத்தன்று பார்க்லேண்ட் உயர்நிலைப் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். தப்பிப் பிழைத்த மாணவர்கள் பிரார்த்தனையோடு நிற்காமல் பேருந்தில் ஏறிச் சட்டமன்றத்துக்குப் போனார்கள். குடியரசுக் கட்சியின் பிடியில் இருந்த மாநிலம் ஒரு மாதத்துக்குள் சட்டம் போட்டது: துப்பாக்கி வாங்கும் வயது 21, மூன்று நாள் காத்திருப்பு, ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதுபவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் அதிகாரம். அதே சட்டம் பள்ளி ஊழியர்களில் சிலர் ஆயுதம் வைத்திருக்கவும் வழி செய்தது. ஐந்தே ஆண்டில், 2023இல், உரிமம் இல்லாமலே மறைவாகத் துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்று இன்னொரு சட்டம் போட்டது அதே மாநிலம்.

டென்னசியில் 2023 மார்ச்சில் நாஷ்வில் நகரப் பள்ளியில் மூன்று குழந்தைகள் உட்பட ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். கட்டுப்பாடு கேட்டு மாநிலச் சட்டமன்ற அவைக்குள் ஒலிபெருக்கியோடு முழங்கிய இரண்டு இளம் உறுப்பினர்களை அவையிலிருந்தே நீக்கினார்கள். சில நாட்களில் அவர்கள் திரும்பி வந்தது தனிக்கதை. அடுத்த ஆண்டு வந்த சட்டம், ஆசிரியர்கள் மறைவாகத் துப்பாக்கி வைத்திருக்க அனுமதித்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1966 ஆகஸ்ட் 1 அன்று ஒருவன் கோபுரத்தின் உச்சியிலிருந்து சுட்டதில் பலர் இறந்தார்கள். அரசுப் பல்கலைக்கழக வளாகங்களில் உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கி கொண்டுவரலாம் என்ற டெக்சாஸ் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2016 ஆகஸ்ட் 1. சரியாக ஐம்பதாவது நினைவு நாள்.

கட்சி நிலைப்பாடுகள் கல்லில் செதுக்கியவை என்றும் நினைத்துவிட வேண்டாம். 1967இல் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கறுஞ்சிறுத்தைக் கட்சியினர் துப்பாக்கி ஏந்திக் கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் நுழைந்தபோது, பொது இடத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியைத் தடை செய்யும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அப்போதைய ஆளுநர் ரொனால்ட் ரீகன். துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து உரிமைப் பேச்சின் சுருதி மாறியிருக்கிறது.

ஆஸ்திரேலியா செய்ததே என்று கேட்பீர்கள். 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட 12 நாட்களில் பழமைவாதப் பிரதமர் ஜான் ஹோவர்ட் எல்லா மாநிலங்களையும் சம்மதிக்க வைத்தார். அரசு சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. கோபத்தில் கொதித்த துப்பாக்கிக்காரர்களிடம் பேசப் போனபோது குண்டு துளைக்காத அங்கி அணிந்துதான் போனார். ஆனால் அங்கே இரண்டாவது திருத்தம் என்று ஒன்று இல்லை. அமெரிக்காவில் பொதுமக்களிடம் இருக்கும் துப்பாக்கிகள் 2018 மதிப்பீட்டின்படி 39 கோடிக்கு மேல், அதாவது மக்கள்தொகையைவிட அதிகம். தடை என்று அறிவித்தாலும் யார் போய், எதை, எந்தப் பட்டியலை வைத்து எடுப்பது? மார்ட்டின்ஸ்பர்க் பெட்டிகளை வைத்தா?

பேசப்படாத பாதி

இவ்வளவு விவாதமும் சுற்றிச் சுற்றி வருவது பள்ளிகளையும் ராணுவத் துப்பாக்கி பாணியிலான ஏஆர்-15 வகை ரைஃபிள்களையும்தான். 1994 முதல் 2004 வரை மத்திய அரசு தடை செய்திருந்ததும் இத்தகைய ரைஃபிள்களைத்தான். ஆனால் மரணக் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். இதில் கொலைகள் ஏறத்தாழ 21,000. தற்கொலைகள் 26,000க்கும் மேல். செய்திகளில் வரும் கூட்டக் கொலைகள் மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. கொலைகளிலும் பெரும்பாலானவை கைத்துப்பாக்கியால் நடப்பவை. பெருநகரங்களின் ஏழைப் பகுதிகளில் இளம் கறுப்பினத்தவர் ஒருவர் இருவராகச் சாகிறார்கள். அதற்குத் தொலைக்காட்சி வண்டிகள் வருவதில்லை.

தற்கொலை விஷயத்தில் துப்பாக்கி ஏன் முக்கியம்? அந்த எண்ணம் பலருக்கு அலைபோல் எழுந்து தணியும். முயன்று பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. ஆனால் துப்பாக்கி பெரும்பாலும் அந்த இரண்டாவது வாய்ப்பைத் தருவதில்லை. எனவே காத்திருப்பு நாட்கள், பூட்டிய பெட்டி, நெருக்கடியில் இருப்பவரின் துப்பாக்கியைச் சில வாரம் நண்பர் வீட்டில் வைத்துக்கொள்வது போன்ற சாதாரண ஏற்பாடுகளே உயிர் காக்கின்றன.

இதில் ஒரு நல்ல விஷயமும் நடந்திருக்கிறது. 2009இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிய மூன்று பேர் ஒரு வாரத்துக்குள் அதே துப்பாக்கிகளால் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மூவரும் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள். அதிர்ந்துபோன கடைக்காரர், பொதுச் சுகாதாரத் துறையினர், துப்பாக்கி ஆர்வலர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். எந்தத் துப்பாக்கி என்று பார்க்காமல் ஏதாவது ஒன்று உடனே வேண்டும் என்று அவசரப்படுபவர், பராமரிப்பு பற்றி ஒன்றுமே கேட்காதவர் என்று கவனிக்க வேண்டிய அறிகுறிகளைக் கடைக்காரர்களுக்காகத் தொகுத்தார்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணோடு சுவரொட்டிகள் அச்சிட்டார்கள். சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. சந்தேகம் வந்தால் விற்காமல் இருக்கக் கடைக்காரருக்கு உரிமை உண்டு என்பதை மட்டும் நினைவூட்டினார்கள். இன்று வேறு பல மாநிலங்களிலும் துப்பாக்கிக் கடைகளில் அந்த மாதிரிச் சுவரொட்டிகள் இருக்கின்றன. இரண்டாவது திருத்தத்தைப் பற்றி இந்த ஏற்பாட்டில் யாரும் யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.